கர்ப்பிணியின் மன அமைதி யார் பொறுப்பு?

கருவுற்ற பெண்ணின் மனநிலை வயிற்றிலிருக்கும் குழந்தையைத் தொடும் என்ற நம்பிக்கை ஏறக்குறைய எல்லாச் சமயங்களிலும் உண்டு. "அழாதே, வயித்துல இருக்குற புள்ளைக்கு ஆகாது" என்று தமிழ் வீடுகளில் சொல்லப்படும் வார்த்தை அந்த நம்பிக்கையின் மிகச் சுருக்கமான வடிவம். ஆறுதலாகச் சொல்லப்படும் இந்த வார்த்தைக்குள் ஒரு குற்றச்சாட்டும் ஒளிந்திருக்கிறது. அழுகை குழந்தைக்குக் கேடு என்றால் அழுதவள் குழந்தைக்குக் கேடு செய்தவள் ஆகிறாள். ஏற்கெனவே கவலையில் இருப்பவளுக்குக் கவலைப்படுகிறோமே என்ற கவலையும் சேர்ந்துகொள்கிறது. கர்ப்பகால மன அழுத்தம் மருத்துவம் மட்டும் பேசும் பொருளாக நின்றுவிடாமல் சமய, தத்துவ விசாரணைக்கு வருவது இந்த இடத்தில்தான். பிறக்கப்போகும் உயிரின் நன்மை தீமைக்குத் தாயின் மனம் காரணமா, அந்த உயிரின் முன்வினை காரணமா? தாயின் மனம் அமைதியாக இருக்க வேண்டும் என்றால் அந்தக் கடமை யாரைச் சேர்ந்தது?

கவலையின் ஊற்றுகள்

கர்ப்பிணியின் கவலைகளில் சில உடம்பிலிருந்து வருபவை. மசக்கை, வாந்தி, தூக்கமின்மை, முதுகுவலி, மூச்சுத் திணறல் ஆகியவை மனத்தையும் சோர்வடையச் செய்கின்றன. முன்பு கருச்சிதைவு ஏற்பட்டிருந்தால் ஒவ்வொரு மாதத்தையும் பயத்தோடு கடக்க நேர்கிறது. பிரசவ வலி பற்றிய அச்சமும், குழந்தை குறையில்லாமல் பிறக்க வேண்டுமே என்ற ஏக்கமும் பெரும்பாலோருக்கு உண்டு.

மற்றவை வெளியிலிருந்து வருபவை. கடன், வேலை போய்விடுமோ என்ற பயம், குடிகாரக் கணவன், ஆண் குழந்தைதான் வேண்டும் என்ற நெருக்குதல், பிறந்த வீட்டுச் சீர் பற்றிய ஏச்சுப்பேச்சு, அடி உதை என இந்தப் பட்டியல் நீளும். மூச்சுப் பயிற்சியாலும் மந்திரத்தாலும் முதல் வகைக் கவலை ஓரளவு தணியலாம். இரண்டாம் வகையின் காரணங்கள் அவள் கையில் இல்லை. சமய மரபுகள் இந்த இரண்டையும் எப்படிக் கையாண்டன என்பதைப் பார்க்கும்போது இந்த வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது.

வினைதான் காரணம் என்னும் விடை

பிறக்கப்போகும் உயிரின் நன்மை தீமைக்கு எது காரணம் என்ற கேள்விக்குச் சைவ சித்தாந்தம் திட்டவட்டமான விடை தருகிறது. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அருள்நந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், ஓர் உயிர் வாழ்க்கையில் அடையப்போகும் ஆதாயம், நட்டம், இன்பம், நோய், முதுமை, இறப்பு ஆகிய ஆறும் அது கருவில் இருக்கும்போதே அமைந்துவிடுகின்றன என்கிறது. அமைப்பது தாயின் மனநிலை என்று அந்நூல் சொல்லவில்லை. அந்த உயிர் முன்பு செய்த வினையே காரணம்; வினைப்பயனை உயிரோடு கூட்டுவிப்பவன் இறைவன்.

கர்ப்ப உபநிடதமும் கருவைத் தனக்கென ஒரு வரலாறு உடைய உயிராகவே காண்கிறது. ஒன்பதாம் மாதத்தில் கருவுக்கு முற்பிறவி நினைவுகள் வருகின்றன. எத்தனை தாய்மாரின் பாலைக் குடித்தோம், எத்தனை முறை பிறந்து இறந்தோம் என்று அது வருந்துகிறது. வெளியே வந்ததும் இறைவனைச் சரணடைவதாக உறுதி கொள்கிறது. பிறக்கும் நேரத்தில் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது. திருவாசகத்தின் போற்றித் திருவகவல், கருவிலுள்ள உயிர் மாதந்தோறும் தப்பிப் பிழைக்கும் இடர்களை வரிசையாகச் சொல்கிறது. பத்தாம் மாதத்துத் துயரத்தைச் சொல்லும்போது மாணிக்கவாசகர் தாயையும் சேயையும் ஒன்றாகவே அதில் வைக்கிறார். தாய் துன்பம் தருபவளாக அங்கே வரவில்லை. துன்பத்தில் உடன் இருப்பவளாக வருகிறாள்.

வினைக் கொள்கையை விதிவாதம் என்று ஒதுக்குவோர் பலர். கர்ப்பிணியின் இடத்திலிருந்து பார்த்தால் அதற்கு வேறொரு முகம் தெரிகிறது. குழந்தையின் வாழ்வு முழுவதையும் தன் ஒரு நாள் அழுகை தீர்மானித்துவிடாது என்ற விடுதலையை அது தாய்க்குத் தருகிறது. ஆனால் அதே கொள்கை வேறு வாயில் கத்தியாகவும் மாறும். குறையோடு பிறந்த குழந்தையின் தாயிடம் "நீ செய்த பாவம்" என்று சொல்பவர்கள் குழந்தையின் வினையைத் தாயின் கணக்கில் எழுதுகிறார்கள். அவரவர் வினைக்கு அவரவரே உரியவர் என்ற சித்தாந்தத்தின் அடிப்படைக்கே அது முரணானது.

தாயின் மனம் காரணம் என்னும் விடை

மறுபக்கம் நிற்பது ஆயுர்வேத மரபு. சரக சம்ஹிதையின் சாரீர ஸ்தானம் கர்ப்பிணியை இரண்டு இதயம் உடையவள் என்கிறது. மூன்றாம் மாதத்தில் கருவுக்குப் புலன்கள் தோன்றுகின்றன. அப்போதே அதற்கு விருப்பு வெறுப்பும் வந்துவிடுகிறது. அந்த விருப்பம் தாயின் ஆசையாக வெளிப்படுகிறது. சுஸ்ருதர் இதையே நான்காம் மாதத்துக்கு உரியதாகச் சொல்கிறார். அந்த ஆசையை மறுத்தால் வாயு சீற்றமடைந்து கருவைக் கெடுக்கும் என்பது சரகரின் எச்சரிக்கை. எப்போதும் துயரத்தில் இருப்பவள், சண்டை சச்சரவில் இருப்பவள் என்று தாய்மாரை வகைப்படுத்தி, ஒவ்வொருத்திக்கும் இன்னின்ன குறையுள்ள குழந்தை பிறக்கும் என்ற பட்டியலும் அந்நூலில் உண்டு. கர்ப்ப உபநிடதம் இன்னும் ஒரு படி முன்னே போய், கருத்தரிக்கும் நேரத்தில் மனம் கலங்கியிருந்தால் பிள்ளைக்கு உடற்குறை வரும் என்கிறது.

இதிகாச புராணங்கள் இந்த நம்பிக்கைக்குக் கதை வடிவம் தந்தன. கருவிலேயே நாரதரின் உபதேசத்தைக் கேட்ட பிரகலாதனும், சக்கர வியூகத்துக்குள் நுழையும் வழியை மட்டும் கேட்ட அபிமன்யுவும் எல்லோரும் அறிந்த எடுத்துக்காட்டுகள். இவற்றில் அபிமன்யு கதையின் கருவறைக் காட்சி பிற்கால வழக்கு. வியாச பாரதத்தின் துரோண பருவத்தில், உள்ளே நுழையும் முறையைத் தந்தை தனக்குக் கற்பித்ததாகவே அபிமன்யு சொல்கிறான்.

பிரகலாதன் கதையை பாகவதத்தின் ஏழாம் ஸ்கந்தத்தில் நிதானமாகப் படிப்பவர்கள் வேறொன்றைக் காணலாம். இரணியகசிபு தவம் செய்யப் போயிருந்த சமயத்தில் இந்திரன் அவன் மனைவி கயாதுவைப் பிடித்து இழுத்துச் செல்கிறான். பிறக்கப்போகும் அசுரக் குழந்தையைக் கொல்வது அவன் நோக்கம். வழியில் நாரதர் தடுக்கிறார். அவளை விடுவிக்கச் செய்கிறார். தம் ஆசிரமத்துக்கு அழைத்துப் போய், கணவன் திரும்பும் வரை இங்கேயே இரு என்கிறார். அவள் அங்கே எந்தப் பயமும் இல்லாமல் இருக்கிறாள். உபதேசம் அதற்குப் பிறகுதான். அந்த உபதேசத்தையும் அவள் நாளடைவில் மறந்துவிட்டாள் என்று பிரகலாதனே சொல்கிறான். கர்ப்பிணிகள் நல்லதைக் கேட்க வேண்டும், நல்லதைப் படிக்க வேண்டும் என்று இக்கதையை மேற்கோள் காட்டுவோர், முதலில் அவளுக்குக் கிடைத்தது பாதுகாப்பும் தங்க இடமும்தான் என்பதை விட்டுவிடுகிறார்கள்.

தாயின் உடலைக் கருவியாக்கும் கதையும் தமிழில் இருக்கிறது. பெரிய புராணத்தில் கோச்செங்கட் சோழரின் தாய் கமலவதிக்குப் பிரசவ வலி எடுக்கிறது. ஒரு நாழிகை கழித்துப் பிறந்தால் இந்தப் பிள்ளை மூவுலகையும் ஆளும் என்கிறார்கள் சோதிடர்கள். தன்னைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடச் சொல்லி அவள் பிரசவத்தைத் தள்ளிப்போடுகிறாள். சிவந்த கண்களோடு பிறந்த குழந்தையைப் பார்த்துப் பெயர் சொல்லி அழைத்த கையோடு உயிரை விடுகிறாள். தியாகமாகப் போற்றப்படும் இக்கதை, பிள்ளையின் எதிர்காலத்துக்காகத் தாயிடம் எதையும் கேட்கலாம் என்ற எண்ணம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கும் சாட்சி. சிறந்த பிள்ளையைப் பெற்றுத் தருவதாக விளம்பரம் செய்யும் இன்றைய கர்ப்ப சம்ஸ்காரப் பயிற்சிகள் சிலவற்றிலும் இந்த எண்ணத்தின் நிழலைக் காணலாம்.

ததும்ப நிரம்பிய எண்ணெய்க் குடம்

வினையே எல்லாம் என்பதும் தாயின் மனமே எல்லாம் என்பதும் ஒன்றையொன்று மறுப்பவை போலத் தோன்றும். சரக சம்ஹிதையே இரண்டையும் ஓர் ஒழுங்கில் வைக்கிறது. சாரீர ஸ்தானத்தின் மூன்றாம் அத்தியாயத்தில் ஆத்ரேயருக்கும் பரத்வாஜருக்கும் இடையே ஒரு வாதம் நடக்கிறது. கரு எதிலிருந்து உண்டாகிறது என்பது விவாதப் பொருள். தாய், தந்தை, ஆன்மா, உடலுக்கு ஒத்த பழக்கங்கள், உணவின் சாரம், மனம் ஆகியவை ஒன்றுகூடியே கரு உண்டாகிறது என்கிறார் ஆத்ரேயர். இவற்றில் எதுவும் தனியே நின்று கருவை ஆக்க முடியாது என்று பரத்வாஜரின் மறுப்புகளுக்கு விடை சொல்கிறார். பல காரணங்கள் கூடி விளையும் ஒன்றுக்கு ஒருத்தியை மட்டும் பொறுப்பாக்குவது தர்க்கப்படியே பிழை. தாயைக் குறை சொல்லும் பட்டியல் இருக்கும் அதே நூலில் அந்தப் பட்டியலுக்கு வரம்பு கட்டும் தத்துவமும் இருக்கிறது.

அதே சாரீர ஸ்தானத்தின் எட்டாம் அத்தியாயத்தில் வரும் உவமை இன்னும் முக்கியமானது. விளிம்புவரை எண்ணெய் நிரம்பிய பாத்திரத்தைத் தளும்பாமல் கொண்டுபோவது போலக் கர்ப்பிணியைப் பேண வேண்டும் என்கிறார் சரகர். இந்த உவமையில் கர்ப்பிணி குடம். அதைத் தூக்கிச் செல்பவர்கள் கணவனும் குடும்பத்தாரும் மருத்துவரும். எண்ணெய் சிந்தினால் குடத்தை யாரும் திட்டுவதில்லை. பிரசவ அறையில் உடனிருக்க வேண்டிய பெண்களின் தகுதிகளையும் சரகர் சொல்கிறார். அவர்கள் பல பிள்ளை பெற்றவர்களாகவும், அன்புள்ளவர்களாகவும், சோர்வும் துயரமும் அற்றவர்களாகவும், சிரமம் தாங்குபவர்களாகவும் இருக்க வேண்டும். மனத்தைத் திடமாக வைத்திருக்க வேண்டிய கடமை இங்கே பிரசவிப்பவளுக்கு விதிக்கப்படவில்லை. பக்கத்தில் நிற்பவர்களுக்கு விதிக்கப்படுகிறது.

ஆசையை மறுக்காதே என்ற விதியும் இதே திசையில்தான் நிற்கிறது. அவள் கேட்பதைக் கொடு. கெடுதலானதையே மிகவும் விரும்பிக் கேட்டால்கூட நல்லதோடு கலந்து கொஞ்சம் கொடு என்கிறார் சரகர். நள்ளிரவில் மாங்காய் கேட்டால் தேடிப் போக வேண்டியவன் கணவன். ஆசையை அடக்கிக்கொள் என்று அவளுக்குச் சொல்லப்படும் அறிவுரை அந்நூலின் வழியைச் சேர்ந்ததல்ல.

பிற சமயங்களின் சாட்சி

சமணரின் கல்ப சூத்திரம் மகாவீரரின் கருவாசத்தை விவரிக்கிறது. தன் அசைவு தாய்க்கு வலி தரக்கூடாது என்று எண்ணிய மகாவீரர் கருவில் அசையாமல் இருந்துவிடுகிறார். அசைவு நின்றதும் கரு இறந்துவிட்டது என்று திரிசலை கதறுகிறாள். அரண்மனையில் இசையும் கூத்தும் நின்றுபோகின்றன. தாயின் துயரத்தை உணர்ந்த குழந்தை லேசாக அசைகிறது. பெற்றோர் உயிரோடு இருக்கும்வரை துறவு பூணுவதில்லை என்று அங்கேயே உறுதி எடுக்கிறது. சுவேதாம்பரர் போற்றும் இக்கதையில், தாயின் மனம் நோகாமல் காக்க வேண்டிய முதல் ஆளாகக் கருவிலிருக்கும் குழந்தையே வருகிறது. அகிம்சையின் பாடம் தாயின் வயிற்றிலேயே தொடங்குகிறது.

பௌத்தத்தில் இந்த வேலை துறவியினுடையது. மஜ்ஜிம நிகாயத்தின் 86ஆம் சூத்திரத்தில், கொலைகாரனாக இருந்து துறவியான அங்குலிமாலன் பிச்சைக்குப் போகும் வழியில் பிரசவ வேதனையில் தவிக்கும் ஒரு பெண்ணைக் காண்கிறான்; மனம் இளகிப் புத்தரிடம் வந்து சொல்கிறான். துறவு என்னும் புதுப்பிறவி எடுத்த நாளிலிருந்து தெரிந்து எந்த உயிரையும் கொல்லவில்லை என்ற உண்மையைச் சொல்லி, அதன் பலத்தால் அவளுக்கும் குழந்தைக்கும் நலம் உண்டாகட்டும் என்று வாழ்த்தும்படி புத்தர் அவனை அனுப்புகிறார். தாயும் சேயும் நலம் பெறுகிறார்கள். இன்றும் இலங்கையில் கர்ப்பிணிகளுக்காகத் துறவிகள் அங்குலிமால பரித்தத்தை ஓதுகிறார்கள். தன் சீலத்தைப் பிணையாக வைப்பது ஓதுபவரின் வேலை. கேட்டுக்கொண்டிருப்பது மட்டுமே அவளுடையது.

குர்ஆனின் 19ஆம் அத்தியாயம் மர்யமின் பெயரைத் தாங்கியது. பிரசவ வேதனை அவரை ஒரு பேரீச்ச மரத்தடிக்கு விரட்டுகிறது. இதற்கு முன்பே இறந்து, மறக்கப்பட்டுப் போயிருக்கக் கூடாதா என்று அவர் கதறுகிறார். இறைவனால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர் சாவை விரும்பிப் பேசியதை வேதம் மறைக்கவும் இல்லை, கண்டிக்கவும் இல்லை. கவலைப்பட வேண்டாம் என்ற குரலோடு, காலடியில் நீரோடையும் உலுக்கினால் உதிரும் பழங்களும் வருகின்றன. உண்ணவும் பருகவும் கண்குளிரவும் அவருக்குச் சொல்லப்படுகிறது. ஆறுதல் வார்த்தையும் தண்ணீரும் உணவும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. ரமலான் நோன்பில் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் இஸ்லாமியச் சட்டம் சலுகை தருவதும் இதே பரிவின் தொடர்ச்சி. இறைவனுக்குரிய கடமையே அவளுக்காக விலகி நிற்கிறது.

லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தில், கருவுற்ற மரியாள் யூதேயாவின் மலைநாட்டுக்குப் பயணப்பட்டு ஆறு மாதக் கர்ப்பிணியான எலிசபெத்தின் வீட்டுக்குப் போகிறார். சுமார் மூன்று மாதம் அங்கேயே தங்குகிறார். திருமணத்துக்கு முன் கருவுற்ற இளம்பெண்ணுக்கு ஊர்வாயிலிருந்து கிடைத்த புகலிடம் என்றும் அதைப் படிக்கலாம். ஆனால் கிறித்தவ மரபில் எதிர்ப்பக்கமும் உண்டு. வேதனையோடு பிள்ளை பெறுவாய் என்று ஆதியாகமத்தில் ஏவாளுக்கு விதிக்கப்பட்டதைக் காட்டி, பிரசவ வலியைத் தணிப்பது தவறு என்று வாதிட்டவர்கள் இருந்தார்கள். 1847இல் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்சன் பிரசவத்துக்குக் குளோரோபார்ம் பயன்படுத்தத் தொடங்கியபோது, இந்த ஆட்சேபத்துக்கு வேத வசனங்களைக் கொண்டே விடை எழுத வேண்டியிருந்தது. 1853இல் விக்டோரியா அரசி தம் பிரசவத்துக்கு அதைப் பயன்படுத்திக்கொண்டார். பெண்ணின் துன்பம் புனிதமானது, அதைக் குறைக்கக் கூடாது என்ற எண்ணம் வலி விஷயத்தில் தோற்றது. மன வேதனை விஷயத்தில் இன்னும் முழுதாகத் தோற்கவில்லை.

தமிழகக் கோயில்களும் சடங்குகளும்

தஞ்சை மாவட்டம் பாபநாசத்துக்கு அருகிலுள்ள திருக்கருகாவூரில் கர்ப்பரட்சாம்பிகை கோயில் கொண்டிருக்கிறாள். கரு நிற்க நெய்யும், சுகப்பிரசவத்துக்கு விளக்கெண்ணெயும் அங்கே பிரசாதமாகத் தரப்படுகின்றன. தலபுராணப்படி, நித்துருவ முனிவரின் மனைவி வேதிகை கருவுற்றுச் சோர்ந்திருந்தாள். அப்போது பிச்சைக்கு வந்த ஊர்த்துவபாத முனிவரை அவளால் எழுந்து உபசரிக்க முடியவில்லை. அவமதித்தாள் என்று எண்ணிய முனிவர் சபிக்க, கரு கலைகிறது. வேதிகை அம்பிகையிடம் முறையிட, அம்பிகை அந்தக் கருவைக் குடத்தில் வைத்துக் காத்துக் குழந்தையாகக் கொடுக்கிறாள். விருந்தோம்பல் பேரறமாகக் கருதப்படும் மரபில் தோன்றிய கதை இது. இருந்தும் அம்பிகை சாபத்தின் பக்கம் நிற்கவில்லை. கர்ப்பிணியின் சோர்வு குற்றமாகாது என்பதே அவள் தரும் தீர்ப்பு.

திருச்சி மலைக்கோட்டையில் சிவன் தாயுமானவராக இருக்கிறார். பிரசவ நேரத்தில் காவிரியில் வெள்ளம் வந்து தாயால் அக்கரையிலிருந்து வர முடியாமல் போக, மகளுக்குத் துணையாகத் தாயின் வடிவில் சிவனே வந்து பேறு பார்த்தார் என்பது கதை. சுகப்பிரசவம் ஆனவர்கள் வாழைத்தார் சமர்ப்பிப்பது இங்கே வழக்கம். சென்னைப் பரங்கிமலை உச்சியிலுள்ள தேவாலயம் குழந்தையை எதிர்நோக்கியிருக்கும் மரியன்னைக்கு உரியது. திருச்சிக் கதையில் கடவுள் ஞானம் உபதேசிக்கவில்லை. வெந்நீர் வைக்கவும் முதுகைத் தடவவும் ஓர் ஆள் தேவைப்பட்ட இடத்தில் ஆளாக வந்து நின்றார்.

சீமந்தமும் வளைகாப்பும் இதே நோக்கத்தைச் சடங்காக்கியவை. கிருஹ்ய சூத்திரங்கள் விதிக்கும் சீமந்தத்தில், மூன்று வெள்ளைக் கோடுகள் உள்ள முள்ளம்பன்றி முள்ளாலும் அத்திக்காய்க் கொத்தாலும் கணவன் மனைவியின் தலைமுடியை வகிடு எடுக்கிறான். பிறகு வீணை வாசிப்போரைப் பாடச் சொல்கிறான். ஆபஸ்தம்பரின் விதிப்படி, அவர்கள் எந்த நதிக்கரையில் வசிக்கிறார்களோ அந்த நதியின் பெயரும் பாட்டில் வர வேண்டும். மந்திரம் ஒருபுறம் இருக்க, கணவன் தன் கையால் தலை வகிர்ந்துவிடுவதும் வீட்டில் பாட்டுக் கேட்பதும் சடங்கின் நடுவில் வைக்கப்பட்டிருக்கின்றன.

வளைகாப்பு பெரும்பாலும் பெண்களின் சடங்கு. ஐந்து, ஏழு, ஒன்பது என ஒற்றைப்படை மாதத்தில் நடக்கும். கன்னத்தில் சந்தனம் பூசி, நெற்றியில் குங்குமம் இட்டு, வேப்பிலைக் காப்போடு தொடங்கிக் கண்ணாடி வளையல்களைக் கை நிறைய அடுக்குவார்கள். புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம், சர்க்கரைப் பொங்கல் என்று கலவை சாதம் பரிமாறப்படும். பிள்ளை பெற்ற பெண்கள் பலர் கூடி, நாங்கள் கடந்து வந்தோம், நீயும் கடப்பாய் என்று சொல்லாமல் சொல்வதுதான் அதன் சாரம். சடங்கு முடிந்ததும் தாய்வீட்டுக்குப் போவதால் வேலைப் பளுவிலிருந்து விடுப்பும் கிடைக்கிறது.

சடங்குக்கு இருண்ட பக்கமும் இருக்கிறது. கைம்பெண்களையும் குழந்தை இல்லாதவர்களையும் ஒதுக்கிவைக்கும் வழக்கம் பல வீடுகளில் நீடிக்கிறது. ஒருத்தியின் மனக்குளிர்ச்சிக்காக நடப்பது இன்னொருத்தியின் மனத்தைப் புண்படுத்துகிறது. சீர்வரிசைக் கணக்கால் கர்ப்பிணியின் பெற்றோர் கடன்படுவதும், அந்தக் கடன் அவளுடைய கவலையாகத் திரும்பி வருவதும் உண்டு. தமிழக அரசு அங்கன்வாடிப் பணியாளர்களைக் கொண்டு நடத்தும் சமுதாய வளைகாப்பு, பல சாதிகளையும் சமயங்களையும் சேர்ந்த பெண்களை ஒரே வரிசையில் உட்காரவைத்து வளையலும் சாப்பாடும் தருகிறது. சடங்கின் சாரத்தை எடுத்துக்கொண்டு சக்கையை விட்டுவிடும் நல்ல முயற்சி அது.

மருத்துவம் சொல்வது

குழந்தைக்குக் கருவில் கேட்கும் என்ற பழைய நம்பிக்கையில் உண்மை இருக்கிறது. ஆறாம் மாதத்துக்குப் பிறகு கரு ஒலிகளுக்கு அசைந்து கொடுக்கிறது. பிறந்து சில நாட்களே ஆன குழந்தைகள் பிற பெண்களின் குரலைவிடத் தாயின் குரலையே விரும்புகின்றன என்று அந்தோனி டிகாஸ்பரும் வில்லியம் ஃபைஃபரும் 1980இல் காட்டினார்கள். குரலையும் அதன் லயத்தையும் குழந்தை அறிகிறது. வேதாந்தமோ போர்க்கலையோ அதற்கு விளங்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

மன அழுத்தத்தின்போது சுரக்கும் கார்ட்டிசால் கர்ப்ப காலத்தில் இயல்பாகவே உயர்கிறது. நஞ்சுக்கொடியிலுள்ள ஒரு நொதி அதன் பெரும்பகுதியை வீரியமற்ற கார்ட்டிசோனாக மாற்றிவிடுகிறது. எனவே அன்றாடக் கோபமும் அழுகையும் பயமும் அப்படியே குழந்தையைப் போய்ச் சேர்வதில்லை. கடுமையான, நீண்டநாள் மன அழுத்தத்துக்கும் குறைமாதப் பிரசவம், எடைக்குறைவு ஆகியவற்றுக்கும் தொடர்பு காணப்பட்டிருக்கிறது. தொடர்பு இருப்பது நடந்தே தீரும் என்று பொருள்படாது. வறுமை, சத்துக்குறைவு, வன்முறை போன்ற பல காரணங்கள் அதில் பின்னிக் கிடக்கின்றன. ஆத்ரேயர் வாதிட்டதுபோல் இங்கும் காரணம் ஒன்றல்ல.

உலகளவில் கர்ப்பிணிகளில் சுமார் 10 விழுக்காட்டினரும் பிரசவித்தவர்களில் சுமார் 13 விழுக்காட்டினரும் மனநலக் கோளாறுக்கு, முக்கியமாக மனச்சோர்வுக்கு, ஆளாகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வளரும் நாடுகளில் இது முறையே 15.6, 19.8 விழுக்காடு. இந்த நோயை பக்திக் குறைவாகவோ மன பலவீனமாகவோ பார்ப்பது அறியாமை. இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் துக்கம், எதிலும் பிடிப்பின்மை, பசியும் தூக்கமும் கெடுதல், குற்ற உணர்வு, சாக வேண்டும் என்ற எண்ணம் ஆகியவை தென்பட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். இந்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416இல் தமிழிலும் பேசலாம்.

பாகிஸ்தானின் கிராமப்புறங்களில் அதிஃப் ரஹ்மான் குழுவினர் நடத்தி 2008இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வு, பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு நேரடியாகப் பொருந்துகிறது. மனச்சோர்வில் இருந்த கர்ப்பிணிகளின் வீடுகளுக்கு, மனநல நிபுணர்கள் அல்லாத சாதாரண சுகாதாரப் பணிப்பெண்கள் பயிற்சி பெற்றுப் போனார்கள், கர்ப்பிணியோடு பேசினார்கள், குடும்பத்தாரையும் உடன் சேர்த்துக்கொண்டார்கள். குழந்தை பிறந்து ஆறு மாதம் ஆனபோது இந்தத் துணை கிடைத்தவர்களில் 23 விழுக்காட்டினருக்கே மனச்சோர்வு இருந்தது. வழக்கமான வருகை மட்டும் கிடைத்தவர்களில் அது 53 விழுக்காடு. பேச ஒரு ஆள் வருவதும், வீட்டார் பங்கெடுப்பதும் எவ்வளவு பெரிய மருந்து என்பதற்கு இது சான்று.

பிரார்த்தனையின் இடம்

பிரார்த்தனை, நாமஜெபம், தியானம், மூச்சுப் பயிற்சி, திக்ரு, ஜெபமாலை ஆகியவை கர்ப்பிணிக்கு உதவுவதில்லை என்று இதற்குப் பொருளில்லை. தன் கையில் இல்லாததைத் தனக்கு மேலான ஒன்றிடம் ஒப்படைக்கும்போது மனச்சுமை குறைகிறது. செயலைச் செய், பலனைப் பற்றிக்கொள்ளாதே என்ற கீதையின் போதனை கர்ப்பிணிக்கு மிகவும் பொருந்தும். உணவு, ஓய்வு, மாதப் பரிசோதனை, தடுப்பூசி ஆகியவை செயல். குழந்தையின் நிறமும் பாலினமும் அறிவும் பலன்.

ஆனால் பக்தி மருந்தாக வேலை செய்ய இரண்டு நிபந்தனைகள் உண்டு. அது அவளாக விரும்பிச் செய்வதாக இருக்க வேண்டும். நூற்றெட்டு முறை சொல்லாவிட்டால் குழந்தைக்கு ஆகாது என்று மிரட்டிச் செய்யவைக்கும் ஜெபம் இன்னொரு வேலைச்சுமை. அடுத்து, மாற்ற வேண்டிய நிலைமையை மாற்றாமல் விடுவதற்கு அது சாக்காகக் கூடாது. அடிக்கும் கணவனோடு வாழும் பெண்ணிடம் மனத்தை அமைதியாக வைத்துக்கொள் என்று சொல்வது ஆன்மிகம் ஆகாது. திருக்குறள் ஊழுக்கு ஓர் அதிகாரம் வைத்ததோடு ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வைத்தது. தாங்க வேண்டியது எது, மாற்ற வேண்டியது எது என்று பிரித்தறிவதே இரண்டையும் சேர்த்துப் படிப்பதன் பயன்.

பொறுப்பின் பங்கீடு

இத்தனை மரபுகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு பொதுத் தீர்ப்பு தெரிகிறது. தாயின் மனம் குழந்தையைத் தொடுகிறது என்பதில் அவை பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. அந்த மனத்தைக் காக்கும் பொறுப்பைத் தம் சிறந்த பக்கங்களில் அவை சுற்றியிருப்பவர்களிடமே தருகின்றன. சரகர் அதைக் குடம் தூக்குபவரிடம் தருகிறார்; பாகவதம் நாரதரிடம்; பௌத்தம் துறவியிடம்; திருச்சிக் கதை இறைவனிடமே. அவளைக் குற்றவாளியாக்கும் வரிகளும் அதே நூல்களில் இருக்கின்றன. எதை முன்னே வைப்பது என்பது படிப்பவரின் அறம்.

இந்தப் பொறுப்பு நடைமுறையில் பலருக்குப் பங்காகிறது. வீட்டு வேலையைப் பகிர்வதும், பரிசோதனைக்கு உடன் போவதும், குடியையும் வசையையும் விடுவதும் கணவனின் பங்கு. ஆண் பிள்ளை பேச்சையும் சீர்க் கணக்கையும் நிறுத்துவது பெரியவர்களின் பங்கு. சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு உரிய 26 வார ஊதிய மகப்பேறு விடுப்பைத் தயங்காமல் தருவது முதலாளியின் பங்கு; அச்சட்டத்தின் பயன் எட்டாத வயல்வேலை, கட்டட வேலைப் பெண்களுக்கு வழி செய்வது அரசின் பங்கு. பயமுறுத்தாமல் பேசுவது மருத்துவர், செவிலியரின் பங்கு. வரும் உதவியைக் கூச்சமில்லாமல் ஏற்பதும், முடியவில்லை என்றால் முடியவில்லை என்று வாய்விட்டுச் சொல்வதும் கர்ப்பிணியின் பங்கு. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் கவலைப்படாதே என்று அவளிடம் சொல்வதற்கு முன், அவளுடைய கவலைகளில் ஒன்றையாவது தீர்த்து வைக்க வேண்டும்.